பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

விழுப்புரமோ திண்டிவனமோ, புது கார் எடுக்கப் போகும் குடும்பங்களில் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம். ஓட்டத் தெரிந்த ஒருவர் டெஸ்ட் டிரைவுக்குக் கிளம்புவார். பக்கத்தில் விற்பனையாளர். மற்றவர்கள் ஷோரூம் ஏ.சி.யில் குளிர்பானத்தோடு காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவர் "பிக்-அப் சூப்பர்" என்பார். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

பிக்-அப் ஒருவருக்குத்தான். பின்னால் உட்காரப் போகிறவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலி இருக்கும், இன்னொருவருக்குச் செஞ்சி தாண்டுவதற்குள் வாந்தி வரும். மேல்மலையனூருக்கும் மயிலத்துக்கும் இவர்களை ஏற்றிக்கொண்டு போவதற்குத்தானே அந்தக் கார்?

அதிர்வு என்று பார்த்தால் காரில் எல்லா இருக்கையும் சமமில்லை. முன் சக்கரம் வேகத்தடையில் ஏறினால் முன்பக்கம் தூக்கும். பின்பக்கம் அந்த நொடியில் அப்படியே இருக்கும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பவருக்கு அந்தத் தூக்கலில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஓட்டுநர் ஏறக்குறைய அந்த நல்ல இடத்தில் இருக்கிறார். பின் சீட்டோ பின் அச்சை ஒட்டியது. ஏழு பேர் போகும் கார்களில் மூன்றாம் வரிசை பெரும்பாலும் அச்சுக்கு மேலேயே வரும். பின் சக்கரம் வாங்கும் அடி அங்கே முழுசாக வந்து சேரும்.

இதைப் பொறியாளர்கள் யோசிக்காமல் இல்லை. 1930களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஒல்லி என்ற ஆங்கிலேயர், ஒரு காரின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய எடைகளைக் கட்டி, அதில் ஆட்களை ஏற்றிப் போய்ப் பார்த்தார். சக்கரங்களுக்கு இடையே இரண்டரை மீட்டர் இருக்கும் கார் 20 கி.மீ. வேகத்தில் போனால், முன் சக்கரம் ஏறி அரை நொடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பின் சக்கரம் ஏறும். அதற்குள் முன்பக்கம் ஆடத் தொடங்கியிருக்கும். பின் ஸ்பிரிங்குகள் முன்பக்கத்தைவிடச் சற்று விரைவாக ஆடும்படி அமைத்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். கார் படகுபோல முன்னும் பின்னும் சாய்ந்தாடாமல் மட்டமாக அடங்கும். இன்றைய வடிவமைப்பாளர்களும் இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஆட்கள் ஏறினால் இந்தக் கணக்கு மாறும். காலி காரின் பின் அச்சில் 400 கிலோ இறங்குகிறது என்று வையுங்கள். மூன்று பேரும் டிக்கி நிறையப் பைகளும் சேர்ந்தால் 600 ஆகலாம். எடை ஒன்றரை மடங்கானால் ஸ்பிரிங்கின் ஆட்ட வேகம் ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். எட்டிப்பிடிக்க வேண்டிய பின்பக்கம் மந்தமாகிவிடும். கூடவே ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிக் கிடப்பதால், பெரிய மேட்டில் அதற்கு மேல் அமுங்க இடமில்லாமல் 'டம்' என்று ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். ஒருவர் மட்டும் ஓட்டும்போது மெத்தென்று இருந்த கார்தான் குடும்பத்தோடு போகையில் தூக்கிப் போடும். தனியாக ஓட்டியபோது கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்த கார், ஐந்து பேரோடு பதமாகப் போகவும் கூடும். அதனால் ஓட்டியவர் சொல்லும் "அலுங்காம போகுது" என்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

வேகத்தடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம். நம் தெருக்களில் ஊர்க்காரர்களே போட்டுக்கொண்ட மேடுகளுக்கு அந்த அளவெல்லாம் தெரியாது. விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி காருக்கா, ஆள் நிறைந்த காருக்கா என்று கேட்டுவிடுவது நல்லது.

வாந்தி விஷயம் தனி. உடம்பின் உள்ளுறுப்புகளைக் குலுக்கிச் சங்கடப்படுத்துவது நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வு. குமட்டலை உண்டாக்குவதோ அதைவிட மிக மெதுவான ஆட்டம், ஐந்து நொடிக்கு ஒரு முறை என்கிற அளவில். கண் ஒன்று சொல்ல, உட்காது இன்னொன்று சொல்ல, மூளை குழம்புகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அடுத்த திருப்பம் முன்பே தெரியும். அதனால் அவருக்குக் குமட்டல் அபூர்வம். பின் சீட்டு ஜன்னல் சின்னதாகவும் முன் சீட்டின் தலைச்சாய்வு பெரிதாகவும் இருந்தால் பின்னால் இருப்பவருக்குச் சாலையே தெரியாது. வாந்தி எடுக்கும் பிள்ளையை ஏற்றிப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மைலேஜைக் கொஞ்ச நேர ஓட்டத்தில் அளக்க முடியாது. கம்பெனி சொல்லும் எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல், ஏ.சி.யை அணைத்து, 90 கி.மீ.யைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் நாம் ஓட்டும் விதம் வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடும். 80-லிருந்து 110-க்குப் போனால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உயரமான கார் என்றால் இன்னும் அதிகம்.

பாதுகாப்பு, ஓட்டிப் பார்த்து அறியவே முடியாத சங்கதி. அதற்குத்தான் 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் நட்சத்திரங்கள். 64 கி.மீ. வேகத்தில் காரின் முன்பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி சோதிக்கிறார்கள். அந்த விதிமுறைப்படி பெரியவர் பொம்மைகள் முன் சீட்டில். பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள் மட்டும். பாட்டியின் இடத்தில் யாரும் இல்லை. ஐந்து நட்சத்திரம் வாங்கிய காரிலும் பின் சீட்டு நடுவில் மூன்று முனை பெல்ட் இருக்கிறதா, அது பாட்டிக்கு எட்டுகிறதா என்று நாமே இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஷோரூமில் கேட்டால் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போக விடுவார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போங்கள். பின் சீட்டுக்கு ஏ.சி. எட்டுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஏறுவதற்கு முன்னால் டயர் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று குறைந்த டயரே ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, கெட்டியான காரையும் மெத்தென்று காட்டும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பல கார்களில் இரண்டு அளவுகள் இருக்கும். முழுப் பாரத்துக்கு என்று போட்டிருப்பதுதான் உங்களுக்கு வேண்டியது.