குடும்பத் தொழிலின் தலைமுறை மாற்றம்

குடும்பத் தொழிலின் தலைமுறை மாற்றம் என்பது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான தொழிலின் உடைமையும் நிருவாகமும் அடுத்த தலைமுறைக்குச் செல்வதைக் குறிக்கும். உடைமை பல வாரிசுகளுக்குப் பிரியக்கூடியது. நிருவாகம் ஒருவரிடமோ சிலரிடமோ இருக்க வேண்டியது. இவ்விரண்டும் பொருந்தாதபோது பாகத் தகராறுகள் எழுகின்றன.

சட்ட நிலை

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் தனிச்சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு பெறுவர். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989 இல், அப்போது மணமாகாதிருந்தோருக்கு மட்டும், அளிக்கப்பட்டது. 2005 இல் அது நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவர்களுக்கு 1925 ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது மகன், மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். கூட்டாண்மை நிறுவனத்தில், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாவிடில், பங்காளி ஒருவர் இறந்தால் 1932 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனமே கலைந்துவிடும்.

சிறு தொழில்கள்

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ராயப்பன்பட்டிப் பகுதி திராட்சைச் சாகுபடிக்குப் பெயர்பெற்றது. இத்தகைய தோட்டத்தில் நிலத்தை அளந்து பிரிக்கலாம். ஒரே கிணற்றையும், தொடர்ச்சியாக அமைந்த பந்தலையும் அவ்வாறு பிரிக்க இயலாது. எனவே ஒருவர் தோட்டத்தை நடத்தி மற்றவர்களுக்கு விளைச்சலில் பங்கு தருவது, அல்லது அவர்களின் பாகத்தை விலைக்கு வாங்கிக்கொள்வது ஆகியவை வழிகளாகும். எதுவாயினும், பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே உயில் அல்லது பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் வழியாக முடிவு செய்தால் தோட்டம் துண்டாவதைத் தவிர்க்கலாம்.

டி. வி. எஸ். குழுமம்

பெரிய அளவில் இதே சிக்கலுக்கு எடுத்துக்காட்டு மதுரையில் வளர்ந்த டி. வி. எஸ். குழுமம். டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911 இல் தொடங்கிய இத்தொழில், 1955 இல் அவர் மறைந்த பின் ராஜம், சந்தானம், சீனிவாசன், கிருஷ்ணா ஆகிய நான்கு மகன்களின் கிளைகளாக வளர்ந்தது. ஒவ்வொரு கிளையும் தனித்தனி நிறுவனங்களை நடத்தியது. ஆயினும் உடைமை பெருமளவு பொதுவான தாய் நிறுவனங்களில் இருந்தது. 2020 டிசம்பரில் குடும்பத்தினர் உடன்பாடு செய்துகொண்டனர். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலுடன் 2022 இல் அது நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒவ்வொரு கிளையும் தான் நடத்திவந்த நிறுவனங்களின் உடைமையைப் பெற்றது. பெயரளவில் ஒரே குழுமமாக இருந்தது பிரிந்தது. நிறுவனங்கள் தொடர்ந்து இயங்கின.