இல்லத்துக்கு ஏற்ற நாய்

நாய் வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் முகத்தைப் பார்த்தே குட்டியைத் தெரிவு செய்கின்றனர். பஞ்சுப் பொதி போன்ற மயிரும் மினுங்கும் கண்ணும் யாரையும் மயக்கவல்லன. ஆறு மாதம் கழியுமுன் அந்தப் பஞ்சுப் பொதி கதவைப் பிறாண்டுகின்றது, இரவெல்லாம் குரைக்கின்றது, அயலவர் முறையிடுகின்றனர். பின்பு ஒருநாள், உணவு தேடவும் வாகனத்துக்கு விலகவும் அறியாத அந்தப் பிராணி தெருவில் விடப்படுகின்றது. பிழை நாயினுடையதன்று. எந்த நாய் அழகானது என்று கேட்டவர்கள், நாய்க்குக் கொடுப்பதற்கு இவ்வீட்டில் என்ன உண்டு என்று கேட்க மறந்துவிட்டனர்.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்வோம். காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே, முன்னர் முற்றமும் மாமரமும் இருந்த வளவுகள் பலவற்றில் இன்று தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. பெற்றோர் தொழிலுக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் சென்றபின் பகலில் வீட்டிலிருப்பவர் பெரும்பாலும் அம்மம்மா ஒருவரே. கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. அங்கே பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை; வாசற்படி நேரே ஒழுங்கையில் இறங்குகின்றது; முச்சக்கர வண்டியின் இரைச்சலும் திருவிழாக் காலத்து வெடியோசையும் ஓய்வதில்லை. முன்னைய வீட்டில் நாய்க்கு இடமில்லை; பின்னைய வீட்டில் அமைதியில்லை.

சாதிநாய் ஒவ்வொன்றும் ஏதோவொரு தொழிலுக்கென மனிதனால் உருவாக்கப்பட்டது. தொழில் போய்விட்டது, அதற்கென அமைந்த உடலும் உந்துதலும் போகவில்லை. நம்மவர் அல்சேஷன் என்று அழைக்கும் நாயின் மூதாதையர் ஜெர்மனியில் ஆட்டுமந்தை காத்தவர்கள். 1899 ஆம் ஆண்டில் மக்ஸ் வொன் ஸ்ரெபனிற்ஸ் என்பவர் அவ்வினத்தை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். நாள் முழுவதும் மந்தையைச் சுற்றி ஓடிய குலத்தில் வந்த, முப்பது முதல் நாற்பது கிலோ எடையுள்ள பிராணியை மூன்றாம் மாடியில் பூட்டிவைத்தால் அது என்ன செய்யும்? காவலுக்கென வாங்கிச் சங்கிலியிற் கட்டிவைப்போரும் உளர். எப்போதும் கட்டுண்ட நாய் காவல் செய்யப் பழகுவதில்லை; சினக்கவே பழகுகின்றது.

அடுத்துக் கவனிக்கவேண்டியது கொழும்பின் வெப்பமும் ஈரக்காற்றும். நாய்க்கு வியர்வை மிகக் குறைவு. நாவை நீட்டி இளைத்தே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் அந்த வழியும் அடைபடுகின்றது. தட்டையான மூக்குடைய பக் இன நாய்க்குச் சாதாரண நாட்களிலேயே மூச்சு எளிதன்று; நண்பகலில் அதை வெளியே நடத்திச் செல்வது அதன் உயிருக்கே ஆபத்தாகலாம். பொமரேனியன் பால்டிக் கடலோரக் குளிர்நாட்டின் பெயரைத் தாங்கியது. விக்டோரியா மகாராணியார் விரும்பி வளர்த்ததனால் புகழ்பெற்ற இச்சிறு நாய்க்குத் தொடர்மாடி போதும்; ஆனால் அதன் இரட்டை மயிர்ப் போர்வையை வாரத்திற் பலமுறை வாரிவிடவேண்டும். குரைப்பதிலும் அது தாராளமானது.

பிள்ளைகள் உள்ள வீட்டார் லபிரடோரை நாடுகின்றனர். அது பெரும்பாலும் இனிய சுபாவமுடையதே. ஆயினும் அதன் பசிக்கு எல்லையில்லை. லபிரடோர்களுள் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குப் பசியைத் தூண்டும் மரபணுக் குறையொன்று உண்டென 2016 இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டனர். மிஞ்சிய சோற்றையெல்லாம் நாயின் தட்டிற் கொட்டும் நமது வழக்கம் அதற்கு ஆகாது.

தமிழ்நாட்டின் இராஜபாளையம் நாயையும் சிலர் விரும்புவர். 2005 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் தலையிலே இடம்பெற்ற இந்த வெண்ணிற வேட்டைநாய் கம்பீரமானது. அது ஓடுவதற்கு வெளி வேண்டும். அந்நியரோடு எளிதிற் பழகாது. அவ்வினத்திற் சில குட்டிகள் பிறவிச் செவிடாகவும் இருப்பதுண்டு. விருந்தினர் ஓயாத கொழும்பு வீட்டுக்கு அது பொருந்துமா என்பது ஐயமே.

இனத்தைக் கொண்டு உடலின் தேவைகளை அறியலாம். குணத்தை அவ்வளவு உறுதியாக அறிய இயலாது. பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி 2022 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, தனித்தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 வீதத்தையே இனத்தால் விளக்கமுடியும் என்று காட்டியது. ஆகவே குட்டியையும் அதன் தாயையும் நேரிற் பார்ப்பதே மேல். தாய் அந்நியரைக் கண்டு ஒடுங்குகின்றதா, சீறுகின்றதா, வாலாட்டுகின்றதா? சற்றுத் தொலைவில் ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டால், திடுக்கிட்ட குட்டி மீண்டும் வந்து மோந்து பார்க்கின்றதா? அப்படி வருவது கொட்டாஞ்சேனையின் வெடியோசைக்கும் பழகிக்கொள்ளும் எனலாம். எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது.

இவ்வளவும் பார்த்தபின், ஒழுங்கையிற் பிறந்த ஊர்நாயை ஏளனமாக நோக்குவதற்குக் காரணமில்லை. குட்டை மயிர், நீண்ட மூக்கு, நடுத்தர உடல் ஆகியன இவ்வெப்பத்திலேயே தலைமுறை தலைமுறையாகத் தேறியவை. அம்மம்மாவுக்குத் துணை தேடுவோர், காப்பகத்திலுள்ள வளர்ந்த ஊர்நாயொன்றைக் கொள்ளலாம். குட்டியின் குணத்தை ஊகிக்கவேண்டும், வளர்ந்த நாயின் குணமோ கண்முன்னே தெரிகின்றது. சாதிநாய்க்குப் பணம் கொடுத்தவர் இதனை ஒப்புக்கொள்வது அரிது.

எந்த நாயாயினும் சில கடமைகளுக்கு விலக்கில்லை. உண்ணியும் தெள்ளும் அகற்றப்படவேண்டும். உண்ணிக் காய்ச்சல் இங்கே பல நாய்களைக் கொல்கின்றது. விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் இடப்படவேண்டும். இலங்கையில் 1893 இலேயே விசர்நாய்க்கடிக்கென ஒரு சட்டமும், 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டமும் தோன்றின. அவ்வாறிருந்தும் 1973 இல் மட்டும் அந்நோயால் 377 பேர் மாண்டனர். அத்தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தமைக்குத் தடுப்பூசியே முதற் காரணம். தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் 2006 இல் நிறுத்தப்பட்டபின் கருத்தடையின் தேவையும் பெருகியுள்ளது. வேண்டாத குட்டிகளைப் பெட்டியிலிட்டுச் சந்தையருகே வைப்பவர் அதே தெருவுக்கு மேலும் ஆறு நாய்களைச் சேர்க்கின்றார்.

இறுதியாக ஒரு கேள்வி. நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பம் முழுவதும் யாழ்ப்பாணம் செல்லும்போது, நாய்க்குச் சோறு வைப்பவர் யார், காலையிலும் மாலையிலும் அதை வெளியே கொண்டுசெல்பவர் யார்? அந்தப் பெயர் வீட்டில் முடிவான பின்னரே குட்டியைப் பார்க்கப் புறப்படலாம்.