பின்தொடர்வோன்

மயிலிட்டிக் கரையிலே கொக்கு ஓசையின்றி அடியெடுத்து மீனை அணுகுவதைக் காணலாம். இவ்வாறு இரையை நோக்கிப் பதுங்கிச் செல்வதையே ஆங்கிலேயர் 'ஸ்டாக்' என்பர். ஒருவரை விடாது தொடர்ந்து அச்சுறுத்துவோனுக்கும் அதனின்றே 'ஸ்டாக்கர்' எனப் பெயர் வந்தது.

தமிழில் அவன் பின்தொடர்வோன். ஆயினும் இச்சொல் மட்டும் குற்றத்தைக் காட்டாது. குருவின் வழி நிற்கும் சீடனும் பின்தொடர்வோனே. தொடரப்படுபவரின் விருப்பமே இருவரையும் வேறுபடுத்துவது. ஒருதலைக் காமத்தைத் தொல்காப்பியர் 'கைக்கிளை' என்று அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியதும் இங்கு எண்ணத்தக்கது.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவில், மறுத்த பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வது 2013இல் தனிக் குற்றமாயிற்று. முதன்முறைக்கே 3 ஆண்டுவரை சிறை.

இளைஞர்களே, திரைப்படங்கள் அதனைக் காதலெனக் காட்டினும் மயங்காதீர்கள். 'வேண்டாம்' என்றபின் வைக்கும் ஒவ்வோர் அடியும் கொக்கின் அடியே.