மழை நுழையும் ஓரம்

ஆனி மாதத்தில் சித்தூர் பக்கம் போனால் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசல்களில் வரிசை கட்டி நிற்கும். அந்த ஆலைகள் பலவற்றுக்கும், கிழக்கே புலிக்காட் ஏரிப் பக்கமுள்ள ஸ்ரீசிட்டியின் தொழிற்கூடங்களுக்கும் கூரை என்பது வண்ணம் பூசிய எஃகு ஷீட்தான். அல்லது நடுவில் நுரை அடைத்த பஃப் பேனல்.

ஷீட்டின் நடுவில் ஒழுகுவது அபூர்வம். ஒழுகுவதெல்லாம் ஓரத்தில்தான்: இரு சரிவும் சேரும் முகட்டில், கூரை சுவரை முட்டும் இடத்தில், ஜன்னல் தலைமாட்டில். அங்கெல்லாம் மூடும் மடித்த தகடுதான் ஃப்ளாஷிங். மொத்தச் செலவில் சிறு பங்கு. ஆனாலும் மிச்சம் பிடிக்க முதலில் கை வைப்பது இதில்தான் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

முதல் எதிரி வெயில். ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மீட்டர் எஃகு 0.012 மி.மீ. நீளும். விடியலுக்கும் உச்சிப்பொழுதுக்கும் தகட்டின் சூட்டில் 40 டிகிரி வித்தியாசம் என்றால், 10 மீட்டர் தகடு ஏறக்குறைய 5 மி.மீ. நீள்கிறது. அலுமினியமானால் 9 மி.மீ.க்கு மேல். தினமும் இப்படி நீண்டு சுருங்குவதை இரு முனையிலும் இறுக்கித் திருகிவிட்டால், திருகின் துளை மெல்ல மெல்ல அகன்றுவிடும். ரப்பர் வாஷரால் அதை அடைக்க முடியாது. அதனால்தான் நீளமான ஃப்ளாஷிங்கை 3 மீட்டர் துண்டுகளாக்கி, 10 செ.மீ.க்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, இடையில் சீலன்ட் வைக்கிறார்கள். ஏற்றிய வாய் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்தது வடகிழக்குப் பருவமழை. எந்தத் திசைக்கு முதுகு என்பது அந்த மழையின் பெயரிலேயே தெரியும்.

மழை நிற்கும் நேரத்தில் தகட்டின் விளிம்பைக் கிட்டப் போய்ப் பாருங்கள். துளி உடனே விழாது. பரப்பு இழுவிசையால் விளிம்பைச் சுற்றி அடிப்பக்கம் ஊர்ந்து, சுவரைத் தொட்டுவிடும். விளிம்பை வெளிப்பக்கமாகச் சற்றுக் கீழே மடித்துவிட்டால், அந்த நுனியிலேயே துளி கனத்துச் சொட்டிவிடும். கோயில் மண்டபங்களில் கல்லை வளைத்துக் கீழ்நோக்கி இறக்கிய கொடுங்கையும் செய்வது இதே வேலைதான்.

அடுத்தது உலோகப் பொருத்தம். ஓர் ஆலையில் பார்த்தேன்: ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டிய நீர் விழுந்த தடத்தில் மட்டும் ஷீட் செல்லரித்தது போலிருந்தது. நீரில் கரைந்து வந்த செம்பு, துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் தின்னும். கூரை ஷீட்டில் 55 சதவீத அலுமினியமும் மீதி பெரும்பாலும் துத்தநாகமும் கலந்த பூச்சு இருந்தால், ஃப்ளாஷிங்கிலும் அதே பூச்சைக் கேளுங்கள். உப்புக்காற்று வீசும் ஸ்ரீசிட்டிப் பக்கம் பூச்சின் கனத்தில் சிக்கனம் வேண்டாம்.

வெட்டுவதற்குக் கிரைண்டரைத் தொட விடாதீர்கள். பொறி பட்ட இடத்தில் பூச்சு கருகும். தெறித்த இரும்புத்தூள் முதல் மழையிலேயே செம்புள்ளியாகப் பூக்கும். தகடு வெட்டும் கத்தரி போதும். திருகு போடத் துளைத்த துருவலை அன்று சாயங்காலமே பெருக்கித் தள்ளிவிட வேண்டும்.