கம்பெனி நின்றால் கைக்கு என்ன வரும்?



விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் பெண் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறோம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பல வீடுகளில் சீட்டும், நகைக் கடனும், குழுத் தவணையும் ஓடுகின்றன. திடீர்னு அது நின்றுபோனால் என்ன செய்வோம்?

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இது நடந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நன்றாக ஓடிய காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். அதில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பிறகு மக்கள் தொடுதிரை போனுக்கு மாறினார்கள். நோக்கியாவின் விற்பனை சரிந்தது. வரி வழக்கில் ஆலையின் சொத்து முடங்கியது. அதனால் 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் செல்போன் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை கைமாறவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. டிசம்பரில் பக்கத்து பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. வேறு கம்பெனி நோக்கியா ஆலையை வாங்க முன்வந்தது 2019-ல்தான். அதுவரைக்கும் அடுப்பு காத்திருக்குமா?

வேலை போனது பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஆனால், அவர்களுக்குச் சேரவேண்டியதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆட்குறைப்பு என்றால், ஒரு வருடம் வேலை செய்த தொழிலாளிக்குக் குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு. விருப்ப ஓய்வு அப்படியல்ல. அதில் நாமே எழுதிக் கொடுத்து விலகுகிறோம். தாளில் உள்ள தொகைதான் பேச்சு. ஆகவே படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது.

5 வருடம் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்குப் பணிக்கொடை தனியாக உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 7,800 ரூபாய் என்று வையுங்கள். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 4,500. ஆறு வருடத்துக்கு 27,000 ரூபாய். பி.எப். பணம் இதில் சேராது. அது நம் சொந்தச் சேமிப்பு. தராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எப். எண் எல்லாவற்றையும் இன்றே நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

குழுவுக்கும் பொறுப்பு இருக்கிறது. வேலை இழந்த வீட்டு உறுப்பினரைத் தவணைக்காக நெருக்கினால் அவர் கந்துவட்டிக்காரரிடம்தான் போவார். கூட்டத்தில் பேசி, தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தீர்மானம் எழுதுங்கள். கடன் கொடுக்கும்போதே, "சம்பளம் நின்றால் எப்படிக் கட்டுவீங்க அக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்பது சந்தேகம் அல்ல, அக்கறை.