சீடை ஏன் வெடிக்கிறது?

கோகுலாஷ்டமிக்கு முந்தின நாள் சாயங்காலம் குரோம்பேட்டை ராதா நகர்ப் பக்கம் நடந்து போனால், ஜன்னலுக்கு ஜன்னல் வெண்ணெயும் பெருங்காயமும் மணக்கும். கூடவே ஏதோ ஒரு மாடியிலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே ஓர் அலறல். பட்டாசு இல்லை, தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. சீடை.

எதிர் ஃபிளாட் மாமியின் வலது முன்கையில் பொட்டு வைத்தாற்போல் மூன்று தழும்புகள். எது எந்த வருஷத்துச் சீடை என்று தொட்டுக் காட்டுவார். "ஹெல்மெட் போட்டுக்கலாமே மாமி" என்று ஒருமுறை கேலி செய்தேன். "மூக்குக்கண்ணாடி போட்டுண்டுதான் பொரிக்கறேன், சிரிக்காதே" என்றார். கை ஆறிவிடும், கண் அப்படியில்லை என்பதால் நானும் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

குற்றவாளி எண்ணெய் அல்ல, தண்ணீர். கொதித்து ஆவியானால் ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய 1,700 பங்கு இடம் கேட்கும். காய்ந்த எண்ணெய் 170, 180 டிகிரியில் இருக்கிறது. அதில் விழுந்த மாவு உருண்டையின் வெளிப்புறம் சட்டென்று காய்ந்து ஓடாக இறுகுகிறது. உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வழி தேடுகிறது. வழி கிடைத்தால் குமிழ்குமிழாக வெளியேறும். வாணலியில் கேட்கும் சலசலப்பு அதுதான். கிடைக்காவிட்டால் ஓட்டை உடைத்துக்கொண்டு வரும், வரும்போது எண்ணெயையும் வாரிக்கொண்டு. சோளம் பொரிவதும் இதே கணக்குதான்.

இது தெரிந்தால் பாட்டிமார் சொன்ன விதிகள் எல்லாம் புரிந்துவிடும். அரிசி மாவையும் உளுத்தம் மாவையும் நைஸ் சல்லடையில் இரண்டு தரம் சலிக்கச் சொன்னார்கள். கட்டியும் குருணையும் தங்கினால் அந்த இடத்தில் ஈரம் சிறைப்படும். வெண்ணெய் சேர்த்தால் ஓடு இறுகாமல் பொரபொரவென்று இருக்கும். வழவழவென்று அழுத்தி உருட்டக் கூடாது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஆவிக்கு வாசல் இல்லை. லேசாக உருட்டி, மேலே கீறல் விட்டிருந்தால் நல்லது. உருட்டியதைத் துணியில் பரப்பிச் சற்று உலரவிடுவதும், ஊசியால் ஒரு குத்துக் குத்துவதும் இதற்காகத்தான். வெல்லச் சீடைக்கு இந்தப் பயம் குறைவு. அது எண்ணெயில் உதிர்ந்து மானத்தை வாங்குமே தவிர, கையைச் சுடுவது அபூர்வம்.

முதல் ஈட்டில் நாலே நாலு போட்டுப் பாருங்கள். போட்டதும் ஒரு கை தூரம் தள்ளி நில்லுங்கள். தட்டுப் போட்டு மூட வேண்டாம். அதன் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து, எண்ணெயிலேயே சொட்டும். கம்பிவலை மூடி இருந்தால் உத்தமம். ஒன்று வெடித்துவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, மீதி மாவைத் தட்டையாகத் தட்டிப் போடலாம். கிருஷ்ணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தினப்படி சமையலிலும் இதே ஆவிதான் சுடுகிறது. வெயிட் போட்ட குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் அடங்குமுன் மூடியை நெம்பித் திறந்தால், உள்ளே இருப்பது ஒரே நொடியில் பொங்கி முகத்துக்கு வரும். பருப்பு நுரைத்து ஆவி போகும் துளையை அடைக்கும் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வெயிட் போடுமுன் அந்தத் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாணலி எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, அங்கே ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறியும். கேஸை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடி, ஆறும்வரை அப்படியே விடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓட வேண்டாம்.

சுட்டுவிட்டதா? வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றிவிட்டு, 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். இங்கேதான் நம் பக்கத்துச் சிக்கல். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருவது பாதி வெந்நீர். குழாயைத் திறந்துவிட்டு அது ஆறக் காத்திருக்காமல், குடிக்க வாங்கிய 20 லிட்டர் கேனைச் சாய்த்துவிடுங்கள். முப்பது, நாற்பது ரூபாய்க்குப் பார்க்காதீர்கள். ஐஸ் வேண்டாம். இட்லி மாவு, பற்பசை, காப்பிப் பொடி, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். டாக்டர் முதலில் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், உள்ளங்கை அகலத்துக்கு மேல் வெந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். பெரிய காயமென்றால் 108. சென்னையில் தீக்காயத்துக்கென்றே பெயர்பெற்ற பிரிவு கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் இருக்கிறது. போகிற வழியில் துவைத்த பழைய வேட்டித் துணியால் தளர்வாக மூடினால் போதும். பஞ்சு வைக்காதீர்கள், காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.