ஏய்க்கும், ஆனால் பொய் சொல்லாது: மறைகுறிப்புக் குறுக்கெழுத்தை விடுவிக்கும் முறை

சாதாரணக் குறுக்கெழுத்தில் குறிப்புக்கும் விடைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. "பந்தயத்தில் ஓடும் விலங்கு, மூன்றெழுத்து" என்றால் குதிரை என்று எழுதிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம். ஆங்கில நாளிதழ்களில் 'கிரிப்டிக்' என்ற பெயரில் வரும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்து இப்படி நேராகக் கேட்பதில்லை. அதே விடைக்கு அது தரும் குறிப்பு இப்படி இருக்கும்:

பந்தயத்தில் ஓடுவது குளத்து முகப்பில் அலை (3)

படித்தவுடன் குளமும் கரையும் நீரின் அசைவும் மனத்தில் வருகின்றன. அந்தக் காட்சிக்கும் விடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. "பந்தயத்தில் ஓடுவது" என்பது விடையின் பொருள். "குளத்து முகப்பு" என்பது குளம் என்ற சொல்லின் முதலெழுத்தாகிய 'கு'. அலைக்கு இன்னொரு பெயர் திரை. கு, திரை இரண்டும் சேர்ந்தால் குதிரை. அடைப்புக்குறியில் உள்ள எண் விடை எத்தனை எழுத்து என்பதைச் சொல்கிறது.

ஏறக்குறைய எல்லா மறைகுறிப்புகளும் இந்த ஒரே கட்டமைப்பில்தான் அமைகின்றன. குறிப்பின் ஒரு முனையில், அதாவது தொடக்கத்திலோ முடிவிலோ, விடையின் நேர்ப்பொருள் இருக்கும். மீதிப் பகுதி அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும். பொருள் வழியாகவும் எழுத்து வழியாகவும் வந்து சேரும் இடம் ஒன்றாக இருந்தால் விடை சரி. சாதாரணக் குறுக்கெழுத்தில் "புரவியா, குதிரையா" என்று ஐயம் எழலாம், இங்கே எழாது. விடை சரிதானா என்பதை வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, குறிப்பே உறுதி செய்துவிடுகிறது.

பிறந்த கதை

குறுக்கெழுத்துப் புதிர் பிறந்தது அமெரிக்காவில். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் 1913 டிசம்பர் 21 அன்று சாய்சதுர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரிட்டனுக்குப் போயிற்று. அங்கே அதன் குணமே மாறியது.

மாற்றத்தைத் தொடங்கிவைத்தவர்களில் முதன்மையானவர் எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ். மொழிபெயர்ப்பாளரும் கவிஞருமான இவர், ஸ்பெயின் நாட்டு மதவிசாரணை அதிகாரி ஒருவரின் பெயரைப் புனைபெயராகக் கொண்டு 'டார்க்கமாடா' என்ற பெயரில் 1926 முதல் 1939இல் இறக்கும்வரை 'அப்சர்வர்' வார இதழில் புதிர்கள் அமைத்தார். அகராதிப் பொருளை விட்டுவிட்டு, சொல் விளையாட்டையே குறிப்பாக்கினார். இதற்கிடையில் 'டைம்ஸ்' நாளிதழின் குறுக்கெழுத்தும் 1930 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது.

டார்க்கமாடாவின் புதிர்களில் புத்திக்கூர்மை இருந்தது, விதி இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த டெரிக் சாமர்செட் மெக்நட் அந்தக் குறையைத் தீர்த்தார். பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த இவரும் 'சிமனீஸ்' என்ற இன்னொரு மதவிசாரணை அதிகாரியின் பெயரையே எடுத்துக்கொண்டார். 1966இல் வெளியான அவருடைய நூலின் விதிகளைச் சுருக்கினால் நல்ல குறிப்புக்கு மூன்று இலக்கணம் கிடைக்கும்: துல்லியமான பொருள் வேண்டும், நேர்மையான சொல் விளையாட்டு வேண்டும், இவ்விரண்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. புதிர் அமைப்பவர் தாம் சொல்வதற்கு வேறு பொருள் தோன்றும்படி எழுதலாம், ஆனால் அவர் நினைப்பது அந்தச் சொற்களில் கட்டாயம் இருந்தாக வேண்டும். இந்த நேர்மைதான் மறைகுறிப்புக் கலையின் உயிர். வாசகரை ஏய்ப்பதற்கு அனுமதி உண்டு, பொய் சொல்வதற்கு இல்லை.

இத்தகைய புதிரை விடுவிக்கும் திறமைக்கு வேறொரு பயனும் இருப்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராப்' நாளிதழ், 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு அரசிடமிருந்து கடிதம் வந்தது. ஜெர்மனியின் சங்கேதச் செய்திகளை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் அவர்களுக்கு வேலை காத்திருந்தது.

இந்தியாவுக்கும் இந்தப் பழக்கம் ஆங்கில நாளிதழ்கள் வழியாக வந்தது. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' பல பத்தாண்டுகளாக இவ்வகைப் புதிரை வெளியிட்டு வருகிறது. தமிழ் இதழ்களில் பெரும்பாலும் நேர்க்குறிப்புப் புதிர்களே வருகின்றன. ஆனால் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று விடையைத் திருப்பிப் போடுவதும், "குழம்பியிருக்கிறது", "தலை இல்லை" என்று சேர்த்துச் சொல்வதும் அவற்றில் பழகிப்போனவைதான். மறைகுறிப்பின் வாசற்படியில் தமிழ் வாசகர் முன்பே நிற்கிறார்.

குறிப்புகளின் வகைகள்

எழுத்துகளைக் கட்டும் முறைகள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிலேயே ஓர் அடையாளச் சொல் இருக்கும். அதைக் கண்டுகொள்வதே விடுவிப்பதில் பாதி.

எழுத்து மாற்று: "தருமம் நிலைகுலைந்த வயல்வெளி (4)." நிலைகுலைந்த என்பது அடையாளச் சொல். தருமம் என்பதன் எழுத்துகளான த, ரு, ம, ம் நான்கையும் கலைத்து அடுக்கினால் மருதம். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்பது ஐந்திணை படித்த எவருக்கும் தெரியும். குழப்பம், கலகம், தடுமாற்றம், சிதறல், ஆட்டம் போன்ற சொற்கள் குறிப்பில் தென்பட்டால் இந்த வகையை முதலில் சந்தேகிக்கலாம்.

ஒளித்து வைத்தல்: "மொத்தம் பிரித்ததில் ஒளிந்த இளையவன் (3)." சொத்துத் தகராறு போலத் தோன்றும் இந்தக் குறிப்பில் விடை கண்முன்னே இருக்கிறது. மொத்தம் என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளும் பிரித்ததில் என்பதன் முதலெழுத்தும் சேர்ந்தால் தம்பி. இடையில் உள்ள வெற்றிடம்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

உள்ளே வைத்தல்: "சுமைக்குள் தருமன் தலை நுழைக்க விரியும் காவியம் (4)." சுமை என்றால் பாரம். தருமன் என்பதன் தலையெழுத்து 'த'. பாரம் என்பதற்குள் 'த' நுழைந்தால் பாரதம்.

திருப்பிப் போடுதல்: "சிவா, திரும்பிப் படி (2)." சிவா என்ற பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் வாசி. படி என்பதும் அதே பொருள். பையனைப் படிக்கச் சொல்லும் வீட்டுக் குரல் போல ஒலிப்பதுதான் இந்தக் குறிப்பின் அழகு.

தலையெடுத்தல்: "மனத்துயர் தலைநீங்க, மீனவர் வீசுவது (2)." மனத்துயருக்குக் கவலை என்று பெயர். அதன் முதலெழுத்து போனால் வலை. இதுபோலவே கடையெழுத்தை நீக்குவதும் நடுவெழுத்தை எடுப்பதும் உண்டு.

இருபொருள்: "கடலில் எழும், மேடையில் இறங்கும் (2)." இங்கே எழுத்து விளையாட்டு எதுவும் இல்லை, பொருள்கள் இரண்டு. இரண்டுக்கும் விடை திரை. குறிப்பு மிகச் சுருக்கமாக இருந்தால் இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒலி ஒப்புமை: அரம், அறம் போன்ற இணைகளை வைத்து, "காதில் விழ", "ஒலியில்" என்ற அடையாளத்தோடு வரும். எழுதுவது போலவே ஒலிக்கும் மொழி என்பதால் தமிழில் இவ்வகைக்கு இடம் குறைவு, ஆங்கிலத்தில் ஏராளம்.

தமிழ் எழுத்தும் கட்டமும்

ஆங்கிலக் கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, மொத்தம் 26 எழுத்துகள். தமிழில் உயிர்மெய் ஒரே கட்டத்தில் அடங்குவதால் 247 எழுத்துகளில் எது வேண்டுமானாலும் வரலாம். இடமிருந்து வலம் செல்லும் சொல்லும் மேலிருந்து கீழ் செல்லும் சொல்லும் சந்திக்கும் இடத்தில் முழு உயிர்மெய்யும் ஒத்துப்போக வேண்டும். மெய் ஒன்றாகவும் உயிர் வேறாகவும் இருந்தால் பயனில்லை. அதனால் தமிழில் கட்டம் அமைப்பது கடினம். ஆனால் சந்திப்பில் கிடைக்கும் ஓர் எழுத்து, விடுவிப்பவருக்கு ஆங்கிலத்தில் கிடைப்பதைவிட மிக அதிகமான துப்புத் தருகிறது.

மேலே கண்ட இரண்டு விடைகளையே எடுத்துக்கொள்ளலாம். பாரதம் இடமிருந்து வலமாகச் செல்கிறது. அதன் மூன்றாம் கட்டத்திலிருந்து தம்பி கீழே இறங்குகிறது. ஒளிந்திருக்கும் தம்பியை முதலில் கண்டுபிடித்தவருக்கு, காவியத்தின் மூன்றாம் எழுத்து 'த' என்பது கிடைத்துவிடுகிறது. இரண்டு வெற்றுக் கட்டம், பிறகு த, பிறகு ஒரு வெற்றுக் கட்டம்; பொருளோ காவியம். இனிப் பாரதத்தை எட்டுவது எளிது. சுமை ஏன் வந்தது என்பதை அதன்பின் பின்னோக்கிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

தம்பியின் நடுக் கட்டத்தில் இருப்பது 'ம்'. எந்தத் தமிழ்ச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது. ஆகவே அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு சொல் முடியலாம், ஊடே கடந்துபோகலாம், தொடங்க முடியாது. மொழிமுதல் வரும் எழுத்துகள் எவை என்று பள்ளியில் படித்த இலக்கணம், கட்டம் அமைப்பவருக்கு அன்றாடத் தேவை ஆகிவிடுகிறது.

வேற்றுமை உருபுகளும் தமிழ்க் குறிப்புக்குத் தனிச்சுவை தருகின்றன. "சுமைக்குள்" என்பதில் 'உள்' என்ற ஒட்டே உள்ளே வைக்கச் சொல்லும் அடையாளம். "பிரித்ததில்" என்பதில் 'இல்' அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. சந்தியால் இடையில் வரும் ஒற்றுக்கு மட்டும் வேலை கிடையாது. "திரும்பிப் படி" என்பதில் உள்ள 'ப்' எழுத்துக் கணக்கில் சேராது.

சொல்லணி தந்த முன்னோடிகள்

கட்டங்கள் மேலைநாட்டிலிருந்து வந்தவை. சொல்லை உடைத்தும் குறைத்தும் திருப்பியும் விளையாடும் கலை தமிழில் மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தண்டியலங்காரம், சொல்லணியியலில் சித்திரகவி வகைகளை வரிசைப்படுத்துகிறது. முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது மாலைமாற்று. ஒரு சொல்லிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக நீக்க, ஒவ்வொரு முறையும் வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். இது தலையெடுத்தலின் முன்னோடி. ஒரு மாத்திரையைக் குறைத்தால் வேறு சொல்லாவது மாத்திரைச் சுருக்கம். இருபொருள் குறிப்புக்குச் சிலேடை இருக்கிறது. காளமேகப் புலவரின் புகழே அதில்தான் நிற்கிறது.

இவற்றில் மறைகுறிப்புக்கு மிக நெருங்கியது வினாவுத்தரம். பல வினாக்கள் கேட்டு, அவற்றின் விடைகளைச் சேர்த்தால் கடைசி வினாவின் விடை வரும்படி பாடுவது அது. அதற்குக் காட்டப்படும் பாடலில் பூமகள் யார், போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான், போரிடும் சரத்துக்குப் பெயர் என்ன, அழகுக்குப் பெயர் என்ன என்ற வினாக்கள் வரிசையாக வருகின்றன. விடைகள் திரு, ஏகு, அம்பு, அம். சேர்த்தால் திருவேகம்பம், பிறைசூடிய பெருமான் விரும்பி உறையும் காஞ்சித் தலம். குதிரையைக் கு, திரை என்று பிரித்த அதே வித்தைதான் இது. நேர்மையும் அதே அளவுதான்: எல்லாத் துண்டுக்கும் ஒரு வினா உண்டு, எல்லா வினாவுக்கும் ஒரு வேலை உண்டு.

விடுவிக்கும் வரிசை

புதிதாகத் தொடங்குபவர் முதல் குறிப்பிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. எல்லாக் குறிப்புகளையும் ஒருமுறை படித்து, ஒளித்து வைத்தவற்றையும் எழுத்து மாற்றுகளையும் முதலில் பிடிக்க வேண்டும். அவற்றில் தேவையான எழுத்துகள் கண்முன்னே கிடக்கும். பிறகு, கிடைத்த எழுத்துகளைக் கடந்து செல்லும் விடைகளுக்குப் போகலாம்.

அடுத்ததாக, குறிப்பு காட்டும் காட்சியை நம்பக் கூடாது. காற்புள்ளியும் இடைவெளியும் பெரும்பாலும் திசைதிருப்பவே வைக்கப்படுகின்றன. முதல் சொல்லோ கடைசிச் சொல்லோ பொருளாக இருக்குமா என்று பார்த்து, மீதியைத் தனியே நிறுத்திப் படிக்க வேண்டும். தலை, கால், இடை, கடை, முகம், வால் போன்ற உறுப்புப் பெயர்கள் வந்தால், அவை உடலைக் குறிக்காமல் சொல்லின் எழுத்தைக் குறிக்கின்றனவா என்று சோதிப்பது நல்லது.

விடை கிடைத்த பின்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. குறிப்புக்குத் திரும்பி ஒவ்வொரு சொல்லும் என்ன செய்கிறது என்று விளக்கிப் பார்க்க வேண்டும். "மனத்துயர் என்றால் கவலை, தலைநீங்க என்றால் முதலெழுத்து போயிற்று, மீனவர் வீசுவது என்பது பொருள்" என்று சொல்லி முடிக்கும்போது குறிப்பில் எந்தச் சொல்லும் மிஞ்சக் கூடாது. ஏதாவது மிஞ்சினால் விடை தவறாக இருக்கும், அல்லது குறிப்பு சரியாக அமைக்கப்படாததாக இருக்கும். எதுவும் மிஞ்சாவிட்டால், சந்திக்கும் சொற்கள் இன்னும் நிரம்பாவிட்டாலும் அந்த விடையைத் தயங்காமல் மையில் எழுதலாம்.